பதினான்கு முறை ஓட்டிப் பார்த்த லிஃப்ட்

நாமக்கல்லில் பழைய லாரி வாங்குகிறவர்கள் வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் தங்கமுத்துவைப் போய்ப் பார்ப்பார்கள். அவர் வண்டியைச் சுற்றி வந்துவிட்டுத் தலையாட்டினால் வாங்குவார்கள். மூக்கைச் சொறிந்தால் ஒரு வார்த்தை பேசாமல் வந்த வழியே திரும்பிவிடுவார்கள்.

முப்பத்தைந்து வருடமாக அதுதான் அவருக்குத் தொழில். புகைக்குழாய்க்குள் விரலை விட்டு, ஒட்டிய கரியின் நிறத்தை வெயிலில் பார்ப்பார். டயர் எந்தப் பக்கமாகத் தேய்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டு, வண்டி எந்த வருடம் எந்தக் கணவாயில் உருண்டது என்பது வரைக்கும் சொல்லுவார். ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின் மேல் டம்ளர் நிறைய டீயை வைத்து, அது சிந்துகிறதா என்று பார்ப்பார். சிந்தாவிட்டால் வண்டி தேறியது. டீயையும் குடித்துவிடுவார்.

இத்தனைக்கும் மேலே அவருக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. புதுப் பெயிண்ட் அடித்த வண்டியை நம்பக்கூடாது. அடியில் எங்கேயோ அடிபட்டிருக்கிறது. இரண்டாவது, ஓனரிடம் பேசவே கூடாது. விற்கிறவன் வாயில் உண்மை வராது. ஓட்டுகிறவனிடமும் கிளீனரிடமும் கேட்டால் போதும்.

இந்தச் சட்டங்களை அவர் லாரியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மகள் சத்யபிரியாவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, மாப்பிள்ளையின் அப்பாவைச் சந்திப்பதற்கு முன்பே அந்த ஊர்ப் பால்காரர், மினி பஸ் நடத்துநர், மாவு மில்காரர் மூவரையும் விசாரித்து முடித்திருந்தார். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகும் வரை சம்பந்தியின் பெயர் அவருக்குச் சரியாகத் தெரியாது. அந்த மாப்பிள்ளை கோயமுத்தூரில் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறார் என்பதால் தங்கமுத்துவின் தலைக்கனத்தை யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அவர் மனைவி குப்பாயியால் மட்டும் முடிந்தது. இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவைக்குப் படுத்திருந்தபோது, எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, லாரி டயரைப் பார்க்கிற மாதிரியே பார்த்துக்கொண்டிருந்த கணவரிடம் கேட்டாள்:

"ஏனுங்க, என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப இதெல்லாம் பாக்கலீங்களா?"

"அப்ப வண்டி புதுசு" என்றார் தங்கமுத்து.

"இப்ப மாத்தீறலாம்னு ரோசனையா?"

"ஒரிஜினல் பாடி. வித்தா மறுபடி கெடைக்காது."

அருகில் நின்ற நர்ஸ் சிரித்துவிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. ஆறு மாதம், வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபி வரவேண்டும். முதல் மூன்று மாதம் படி ஏறவே கூடாது. காலைத் தொங்கப்போட்டு நெடுநேரம் உட்காரக்கூடாது, வீங்கிவிடும். இவ்வளவும் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

நாமக்கல்லிலிருந்து காரில் காலை மடக்கி வைத்துக்கொண்டு சேலம் வருவதும் போவதும் முதல் வாரத்திலேயே தாங்கவில்லை. மருத்துவமனைக்குப் பக்கத்தில், ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வீடு வாடகைக்குப் பிடித்துவிடுவது என்று முடிவாயிற்று. தரைத்தளத்தில் கிடைத்த இரண்டு வீடுகளுக்கும் வாசலிலேயே ஏழெட்டுப் படிகள். மழைத்தண்ணீருக்குப் பயந்து கட்டியவை. மிச்சமெல்லாம் அடுக்குமாடிகள், அவற்றில் தரைத்தளம் கார்களுக்கு.

"அப்பா, போன்ல போட்டோவெல்லாம் அனுப்பியிருக்கேன். அங்க குடியிருந்தவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு படிச்சுட்டுப் போங்க. அசோசியேசன் எப்படீன்னு விசாரிங்க" என்றாள் சத்யபிரியா.

"வண்டிய யாராச்சும் போட்டோவப் பாத்து வாங்குவாங்களா சாமி?" என்று கேட்டுவிட்டு, டார்ச் லைட், ஒரு சின்ன சுத்தியல், ஒரு கண்ணாடி டம்ளர் ஆகியவற்றை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு தங்கமுத்து கிளம்பினார்.

முதலில் போனது ராயல் மெடோஸ். வாசலில் நீரூற்று. உள்ளே நுழையும்போதே பெயிண்ட் வாசம். தங்கமுத்துவின் கை தன்பாட்டுக்கு மூக்குக்குப் போயிற்று.

சங்கச் செயலாளராக இருந்த அம்மாள் அவரை உட்காரவைத்து ஒரு கோப்பைத் திறந்தார். வீடு பார்க்க வந்தவரைத்தான் அங்கே முதலில் பார்த்தார்கள்.

"எத்தனை பேர் சார் இருப்பீங்க?"

"நானும் சம்சாரமும்."

"விருந்தாளிங்க?"

"வந்தா வருவாங்க."

"மாசத்துக்கு எத்தனை?"

"எண்ணுனதில்லீங்க."

"கருவாடு வறுப்பீங்களா?"

"எங்கூட்டம்மாவக் கேக்கோணும்."

"மொட்டை மாடியில வடகம் காயப்போடக் கூடாது. பால்கனியில புடவை தொங்கக் கூடாது. லிஃப்ட்ல எலுமிச்சம்பழம் வைக்கக் கூடாது."

அந்த அம்மாள் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே டிக் அடித்துக்கொண்டிருந்தபோது, தங்கமுத்து பக்கத்துச் சுவரைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கம்மா, இது எங்க மோதுச்சு?"

"எது சார்?"

"இல்லீங்க, இவ்வளவு பெயிண்ட் அடிச்சிருக்குதே. எதுக்குன்னு கேட்டேன்."

அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. பிறகு விசாரித்ததில் தெரிந்தது, அங்கே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பெயிண்ட் அடிப்பார்கள், இது ஐந்தாவது வருடம், அவ்வளவுதான். ஆனால் அது தெரிந்தபோது தங்கமுத்து மூக்கைச் சொறிந்து முடித்து, வேறு இடத்துக்கு முன்பணமும் கொடுத்துவிட்டிருந்தார்.

அந்த வேறு இடம் செவ்வந்தி அடுக்ககம். இரண்டு தெரு தள்ளி, வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றது. கட்டியபோது இளஞ்சிவப்பாம். இப்போது வயதான யானையின் காது மாதிரி இருந்தது. பெயர்ப் பலகையில் 'வ்' உதிர்ந்து போயிருந்தது. தங்கமுத்துவுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

அது ஞாயிற்றுக்கிழமை. காவலாளி ராசு சங்ககிரிக்காரர், ஐம்பது வயதுக்காரர். இளவயதில் லாரியில் கிளீனராக ஒரிசா வரைக்கும் போனவராம். இதைக் கேட்டதும் தங்கமுத்து அவர் தோளில் கைபோட்டுக்கொண்டார். கிளீனரே காவலாளியாகக் கிடைத்தபிறகு வேறென்ன வேண்டும்?

ஜெனரேட்டரின் ஆயில் கம்பியை உருவி முகர்ந்து பார்த்தார். சுத்தம். தரைத்தொட்டியின் மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். பாசி இல்லை. குழாய்த் தண்ணீரில் சோப்பைத் தேய்த்தார். நுரை வந்தது. சுத்தியலால் தூண்களைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். அந்த வழியாகப் போன ஒரு பெரியவர், தூணில் காது வைத்துக்கொண்டிருந்த ஆளைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுப் போனார்.

பிறகு லிஃப்ட். குப்பாயியின் முழங்கால் இதில்தான் இருக்கிறது என்பதால் தங்கமுத்து அவசரப்படவில்லை. டம்ளர் நிறைய டீ வாங்கிவரச் சொல்லி லிஃப்ட்டின் தரையில் வைத்து, வாடகை வீடு இருந்த மூன்றாம் மாடிக்குப் போய்வந்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. தனியாகப் போனார், ராசுவை ஏற்றிக்கொண்டு போனார், தண்ணீர் கேன்காரரையும் எட்டுக் கேன்களையும் ஏற்றிக்கொண்டு போனார். மொத்தம் பதினான்கு தடவை. அந்த நேரத்தில் குடியிருந்தவர்களும் லிஃப்ட்டை விடவில்லை. ஒருவர் அரிசி மூட்டை ஏற்றினார். ஒருவர் கேஸ் சிலிண்டர். இரண்டு பேர் வாஷிங் மெஷினையே தூக்கிக்கொண்டு ஓட்டமாக வந்தார்கள். ஒரு வீட்டில் ஒரே நாளில் மூன்று தாத்தா பாட்டிகள் வந்து இறங்கினார்கள். நல்ல சுறுசுறுப்பான ஜனங்கள் என்று தங்கமுத்து நினைத்துக்கொண்டார்.

"வண்டி எப்படி ராசு?"

"வண்டி சொக்கத் தங்கமுங்ணா. ஒரு கோளாறு வந்ததில்ல. ஆனா சங்கத்துக்காரங்களையும் ஒருவாட்டி பாத்துட்டுப் போயிருங்க."

"ஓனருங்ககிட்ட நான் பேசறதில்ல."

"அதுக்கில்லீங்ணா. இங்க சங்கம் ரெண்டு..."

"ரெண்டு இருந்தா என்ன, இருபது இருந்தா என்ன? என்ஜின் ஒண்ணுதானே?" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தார் தங்கமுத்து.

வீட்டின் சொந்தக்காரர் ஓசூரில் இருந்தார். அவரிடமும் பேசவில்லை. பதினோரு மாத ஒப்பந்தம் கூரியரில் வந்தது, கையெழுத்தாகிக் கூரியரில் போயிற்று. அன்று இரவு சாப்பிடும்போது குப்பாயி கேட்டாள்.

"அங்க குடியிருக்கற பொம்பளைங்க யாருகிட்டயாச்சும் ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"ஓட்டறவனக் கேட்டாச்சு. அதுக்கு மேல என்ன?"

"லிஃப்ட்ட யாருங்க ஓட்டறா? அது தானா ஓடுது" என்றாள் குப்பாயி. தங்கமுத்து ரசத்தை உறிஞ்சிக்கொண்டார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு மினி லாரியில் சாமானும் காரில் குப்பாயியும் செவ்வந்திக்கு வந்து சேர்ந்தார்கள். குப்பாயி வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து லிஃப்ட்டை அடைந்து பொத்தானை அழுத்தினாள். விளக்கு எரியவில்லை. தங்கமுத்து அழுத்தினார். சுத்தியல் இருந்த பைக்குள் கையை விட்டார். அதற்குள் குப்பாயி கதவின் மேல் ஒட்டியிருந்த காகிதங்களை வாய்விட்டுப் படிக்கத் தொடங்கியிருந்தாள்.

மேலே இருந்தது: 'லிஃப்ட் இயங்காமைக்கு எதிர்த் தரப்பினரே முழுப் பொறுப்பு. இப்படிக்கு, செவ்வந்தி உரிமையாளர் நலச் சங்கம்.'

அதற்குக் கீழே: 'மேற்கண்ட அறிவிப்பு செல்லாது. அப்படி ஒரு சங்கமே கிடையாது. இப்படிக்கு, செவ்வந்தி உரிமையாளர் நலச் சங்கம், உண்மையானது.'

ராசு வந்து தலையைச் சொறிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்னால் லிஃப்ட்டைப் புதுப்பித்தார்களாம். அதற்குப் பளிங்கில் ஒரு கல்வெட்டு. அப்போது தலைவராக இருந்த நூல் வியாபாரி மதியழகனின் பெயர் மேலே பெரிய எழுத்தில். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஜெகதீஸ்வரனின் பெயர் கீழே சின்ன எழுத்தில், அதுவும் பட்டங்கள் இல்லாமல். ஜெகதீஸ்வரன் மறுநாளே தனிச் சங்கம் தொடங்கினார். மொட்டை மாடியில் லிஃப்ட்டின் மின்சாரப் பெட்டி இருக்கிற அறைக்கு மதியழகன் ஒரு பூட்டுப் போட்டார். ஜெகதீஸ்வரன் அதன் பக்கத்திலேயே இன்னொரு பூட்டுப் போட்டார். இரண்டும் திறந்தால்தான் கதவு திறக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு பேர் வீட்டுக்கும் சொந்தபந்தம் வருவார்கள், கௌரவப் பிரச்சினை என்பதால் காலையில் ஆளுக்கொரு ஆளை அனுப்பித் திறப்பார்கள். இரவு அணைத்துப் பூட்டுவார்கள்.

"அப்ப மத்த நாளு?"

"நடப்பாங்க. இந்த அபார்ட்மெண்ட்ல ஒருத்தருக்கும் சர்க்கரை இல்லீங்ணா" என்றார் ராசு.

"அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"நீங்கதான் என்ஜின் ஒண்ணுதானேன்னு சொல்லிப்போட்டீங்களே."

குப்பாயி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். "பதினாலு வாட்டி ஓட்டிப் பாத்தீங்களே, ஒருவாட்டி சாவி யாருகிட்ட இருக்குதுன்னு கேட்டீங்களா?"

தங்கமுத்து படியேறினார்.

நான்காம் மாடியில் ஜெகதீஸ்வரன் அன்பாக வரவேற்றார். மோர் கொடுத்தார். "உங்க மனைவியோட நிலைமை எனக்குப் புரியுது சார். மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்கு. என் சாவியை இந்த நிமிஷமே தர்றேன். அவர் முதல்ல திறக்கட்டும்."

இரண்டாம் மாடியில் மதியழகன் இன்னும் அன்பாக வரவேற்றார். காபி கொடுத்தார். "ஏனுங்ணா, அக்கா கீழ உக்காந்திருக்கறதப் பாத்தா எனக்கு மனசே ஆறலீங்க. சாவி இந்தாங்க, டேபிள் மேலயே இருக்குது. வாத்தியாரு மொதல்ல தொறக்கட்டும், பின்னாலயே நான் ஓடியாறேன்."

தங்கமுத்து நான்குக்கும் இரண்டுக்கும் இடையே ஐந்து தடவை போய்வந்தார். மோரும் காபியும் வயிற்றுக்குள் தனித்தனிச் சங்கம் வைத்துக்கொண்டன. ஐந்தாவது முறை இறங்கும்போது அவருடைய முழங்காலும் ஏதோ சொன்னது.

கீழே வாசலில் பன்னிரண்டு மணி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. குப்பாயியின் கணுக்கால் இரண்டும் சுரைக்காய் மாதிரிப் புடைத்துவிட்டன. நான்கு மணிக்குப் பிசியோதெரபி. அதற்குள் ஒருமுறையாவது காலை நீட்டிப் படுக்கவேண்டும். மினி லாரியில் வந்த ஆட்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்விடுவதாகச் சொன்னார்கள்.

"நானென்ன உற்சவ மூர்த்தியா? நாலு பேரு தோள்ல ஒருக்காத்தான் போகோணும். அது இன்னைக்கில்ல" என்றாள் குப்பாயி. சத்தம் குறைவாக இருந்தது. வலி வந்துவிட்டால் அவளுக்குச் சத்தம் குறையும். அது தங்கமுத்துவுக்கு மட்டும் தெரியும்.

அவர் கார் பானெட்டில் சாய்ந்து நின்று யோசித்தார். இரண்டு பேருக்கும் திறக்கச் சம்மதம். யார் முதலில் என்பதுதான் நோய். முதலில் இறங்கி வந்தவன் தோற்றவன். அதையும் இருபத்துநாலு வீட்டுக்காரர்களும் பால்கனியில் நின்று பார்ப்பார்கள். இது அவருக்குப் பழக்கமான நோய்தான். வாங்குகிறவனும் விலையை முதலில் சொல்லமாட்டான், விற்கிறவனும் சொல்லமாட்டான், நடுவில் வண்டி வெயிலில் நிற்கும். அப்போது தரகர்கள் என்ன செய்வார்கள்? மாட்டுச் சந்தையிலிருந்து லாரிப் பட்டறைக்கு வந்த அந்தப் பழக்கத்தை நாமக்கல்லில் இன்னும் சில பேர் விடவில்லை.

ராசுவை அனுப்பி இரண்டு தலைவர்களையும் கீழே வரச்சொன்னார். "பேச வேண்டாமாம், ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவும் வேண்டாமாம், கை மட்டும் போதுமாம்னு சொல்லு."

வந்தார்கள். தங்கமுத்துவுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நின்றார்கள். பால்கனிகள் நிறைந்தன. தங்கமுத்து தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி, விரித்த தன் வலது உள்ளங்கையின் மேல் போட்டு மூடினார்.

"ரெண்டு பேரும் துண்டுக்குள்ள கைய விடுங்க. சாவிய என்ற கைல வெச்சுட்டு எடுத்துக்குங்க."

"இதென்ன மாட்டுச் சந்தையா?" என்றார் ஜெகதீஸ்வரன்.

"சந்தையில யாரும் தோக்கறதில்லீங்க சார். துண்டுக்குள்ள வெரலப் புடிச்சுத்தான் வெல பேசுவாங்க, யாரு மொதல்ல நீட்டுனான்னு வெளிய இருக்கறவனுக்குத் தெரியாது. தெரிஞ்ச தரகன் சொல்லமாட்டான்."

ஜெகதீஸ்வரன் பால்கனிகளைப் பார்த்தார். மதியழகன் துண்டைப் பார்த்தார். துண்டின் இரண்டு பக்கமும் இரண்டு கைகள் நுழைந்தன.

ஒரு கை மோதிரங்களோடு வியர்த்திருந்தது. இன்னொன்று சுண்ணாம்புக்கட்டி மாதிரி உலர்ந்திருந்தது. நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. துண்டு மட்டும் லேசாக அசைந்தது. மேலே யாரோ இருமினார்கள். பிறகு தங்கமுத்துவின் உள்ளங்கையில் ஒரு சாவி விழுந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து இன்னொன்றும் விழுந்தது. யாருடையது முதலில் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முப்பத்தைந்து வருடத் தொழில்.

துண்டை எடுத்தார். இரண்டு சாவிகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. பால்கனியில் ஒரு பக்கம் கைதட்டியது. உடனே மறுபக்கம் அதைவிடப் பலமாகத் தட்டியது. மதியழகன் தன் ஆட்களைப் பார்த்து, கடைசி வரைக்கும் தான் விடவில்லை என்பதுபோலத் தலையசைத்தார். ஜெகதீஸ்வரனும் தன் ஆட்களைப் பார்த்து அப்படியே தலையசைத்தார்.

ராசு இரண்டு சாவியையும் வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினார். சிறிது நேரத்தில் லிஃப்ட்டின் விளக்கு எரிந்தது. அதன் கதவு திறந்தபோது உள்ளே ராசுவே நின்றார், ஒரு கையில் இரண்டு பூட்டுகளும் இன்னொரு கையில் இரண்டு சாவிகளுமாக. இறங்கியதும் எல்லாவற்றையும் தங்கமுத்துவின் கையில் திணித்துவிட்டு, "நம்மகிட்ட வேண்டாமுங்ணா" என்று வாசல் பக்கம் போய்விட்டார்.

தங்கமுத்து இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். தலைவர்கள் இருவரும் ஆளுக்கொரு படிக்கட்டில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள். சாவியைக் கேட்டு முதலில் கையை நீட்டுகிறவன் தோற்றவனாகிவிடுவான் என்று இரண்டு பேருக்குமே தோன்றியிருக்கவேண்டும்.

குப்பாயி வாக்கரை உள்ளே வைத்து, பின்னாலேயே ஏறி, சுவரைப் பிடித்துக்கொண்டாள். தங்கமுத்து மூன்றை அழுத்தினார். லிஃப்ட் சத்தமில்லாமல் கிளம்பியது. "பாத்தியா, ஒரு குலுங்கல் இருக்குதா?" என்றார்.

குப்பாயி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். வலி கொஞ்சம் இறங்கியிருக்கவேண்டும், குரல் பழையபடி வந்தது.

"வண்டி நல்ல வண்டிதானுங்க. எத்தன மாசத்துக்கு அக்ரிமெண்ட்?"

"பதினோரு மாசம்."

"அதுக்கப்பறம் காலி பண்ணிப்போட்டு நம்மூருக்குப் போயிருவமில்லீங்க?"

"போயிருவோம்."

"அன்னைக்கு இந்தச் சாவியத் திருப்பிக் குடுக்கோணுமில்லீங்க?"

"ஆமா, குடுக்கோணும்."

"யாருகிட்ட மொதல்ல குடுப்பீங்க?"

லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்று கதவைத் திறந்தது. குப்பாயி வாக்கரைத் தள்ளிக்கொண்டு படுக்கைக்குப் போனாள். தங்கமுத்து பூட்டும் கையுமாக உள்ளேயே நின்றுகொண்டிருந்தார். கதவு மறுபடி மூடிக்கொண்டது.